15 இரவில் ஆல்ப்ஸ் ஏரிகள்: ஏரியில் தங்குங்கள், நகரத்துக்குப் போய்வாருங்கள்

ஒரு குடும்பம் தன் பயணத் திட்டம் பற்றி எனக்கு எழுதிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் பாதியில் 15 இரவுகள். கணவன், மனைவி, ஏழு வயது மகள், அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. மியூனிக்கில் இறங்கி மியூனிக்கிலேயே விமானம் ஏறுகிறார்கள். வாடகைக் காரில் சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், வெரோனா, மிலான், கோமோ, செர்மாட், இன்டர்லாக்கன், லூசெர்ன், சூரிச் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பெரும்பாலான ஊர்களில் ஒரு இரவு. மனைவிக்கு சுவிட்சர்லாந்து கட்டாயம் வேண்டும். இது நடக்குமா, எதை மாற்றலாம் என்பது கேள்வி.

நடக்கும். ஆனால் நீங்கள் பார்க்கப்போவது ஆல்ப்ஸை அல்ல, பதினொரு ஹோட்டல் வரவேற்பறைகளையும் பதினொரு பார்க்கிங் கட்டிடங்களையும். தினமும் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், மூன்று மணிக்கு முன் அடுத்த அறை கிடைக்காது, நடுவில் ஐந்து பேருடைய பெட்டிகளும் காரிலேயே இருக்கும். இதில் அம்மா அப்பா பாடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான விஷயம், இந்தப் பட்டியலில் பாதி ஊர்களில் கார் இருப்பதே தொல்லை. சால்ஸ்பர்க், வெரோனா, லூசெர்ன் எல்லாம் நடந்து பார்க்க வேண்டிய பழைய நகரங்கள். மையத்தில் வண்டி விடமாட்டார்கள், விட்டாலும் நிறுத்த இடம் இருக்காது, நிறுத்தினால் ஒரு இரவுக்கு 25, 30 யூரோ போகும். செர்மாட்டில் பெட்ரோல், டீசல் கார் உள்ளேயே போக முடியாது, டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். கார் உண்மையில் உபயோகப்படுவது இந்த நகரங்களுக்கு நடுவில் கிடக்கும் ஏரிகளிலும் கணவாய்களிலும்தான். அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் இரண்டு மூன்று இரவு தங்குங்கள், நகரத்துக்கு அங்கிருந்து பஸ், ரயில், படகு எது இருக்கிறதோ அதில் போய்விட்டு மாலையில் திரும்புங்கள். கார் அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும். ஓட்டுபவருக்கும் ஓய்வு, மதியம் ஒரு பியர் குடிக்கிற சுதந்திரமும் உண்டு.

இன்னொன்று, வட்டமாகப் போங்கள். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான யூரோ தனியாகக் கேட்பார்கள், சில வண்டிகளை விடவே முடியாது. நீங்கள் மியூனிக்குக்கே திரும்புவதால் அந்தப் பிரச்சினை இல்லை.

என் கணக்கு இப்படி: மியூனிக் 1 இரவு, ஆஸ்திரியாவில் வோல்ஃப்காங் ஏரி 3, இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளின் ஓரத்தில் டொப்பியாக்கோ 3, கார்டா ஏரி 2, கோமோ ஏரியில் வரென்னா 2, லூசெர்ன் ஏரி 3, கடைசியில் கான்ஸ்டன்ஸ் ஏரியின் லிண்டாவ் 1. மொத்தம் 15. ஊர் விட்டு ஊர் போகும் தூரம் மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 1,500 கி.மீ. உங்கள் பட்டியலிலிருந்து இன்ஸ்ப்ரூக், வெனிஸ், செர்மாட், சூரிச் நான்கையும் அடித்துவிட்டேன். மிலான் விருப்பமிருந்தால். மற்றவை எல்லாம் உள்ளே வந்துவிடும்.

இறங்கும் நாளிலேயே காரை எடுக்காதீர்கள். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்துவிட்டு, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் வண்டியில், சாலையின் வலது பக்கத்தில், பல இடங்களில் வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலையில் முதல் தடவையாக ஏறுவது தேவையில்லாத வேலை. விமான நிலையத்திலிருந்து எஸ் 1, எஸ் 8 இரண்டு நகர ரயில்களும் முக்கால் மணி நேரத்துக்குள் ஊருக்குள் கொண்டுவந்து விடும். தூங்கி எழுந்து மறுநாள் காலை எடுங்கள். ஆட்டோமேடிக் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே தேர்ந்தெடுங்கள், இங்கே சும்மா வருவது மேனுவல்தான். ஐந்து பேருக்குப் பெரிய எஸ்.யு.வி. என்று மனசு போகும், வேண்டாம். கோமோ பக்கத்துச் சாலைகளில் அகலமான வண்டி ஒரு தண்டனை. பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் போதும், ஆளுக்கொரு பெரிய பெட்டி என்றில்லாமல் மொத்தம் மூன்று பெட்டிக்குள் அடக்கினால். மகளுக்குக் கட்டாயம் பூஸ்டர் இருக்கை கேளுங்கள். எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சில உயர்ரக வண்டிகளை இத்தாலிக்குள் கொண்டுபோக அனுமதிக்க மாட்டார்கள், அதை கவுன்டரில் போய்த் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது. கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கி வந்துவிடுங்கள். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் அசல் லைசென்ஸோடு அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

மியூனிக்கிலிருந்து வோல்ஃப்காங் ஏரி 190 கி.மீ. வழியில் கீம்சே ஏரி வரும், அதன் நடுத்தீவில் பவேரியாவின் இரண்டாம் லுட்விக் அரசன் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டிய ஹெர்ரன்கீம்சே அரண்மனை இருக்கிறது. பிரீன் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுப் படகில் போகலாம். லுட்விக் கட்டிய அரண்மனைகளை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், அதில் இதுவும் ஒன்று. நேரமில்லை என்றால் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஏன் ஹால்ஸ்டாட்டில் தங்காமல் வோல்ஃப்காங்கில் என்று கேட்பீர்கள். ஹால்ஸ்டாட் ஏழெட்டு நூறு பேர் வசிக்கும் ஊர், மலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு தெரு அகலம்தான் இருக்கிறது. அந்த ஊரை அப்படியே நகலெடுத்து சீனாவின் குவாங்டோங்கில் 2012-இல் ஒரு ஊரே கட்டினார்கள் என்றால் அதன் புகழைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், பார்க்கிங் நிரம்பினால் கார்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தீர்கள் என்றால் அது வேறு ஊர். வோல்ஃப்காங்கிலிருந்து 40 கி.மீ.தான், சீக்கிரம் எழுந்து போய் பதினோரு மணிக்குள் திரும்பிவிடலாம். மேலே உப்புச் சுரங்கத்துக்கும் போகலாம், மகளுக்குப் பிடிக்கும், உள்ளே மரச் சறுக்குமரத்தில் சறுக்கி இறங்க வேண்டும். அப்பா அம்மாவுக்குக் கால் வலி இருந்தால் அவர்கள் கீழேயே காபி குடிக்கட்டும்.

சால்ஸ்பர்க்குக்குக் காரைத் தொடவே வேண்டாம். பாட் இஷ்ல்–ஸ்ட்ரோப்ல்–செயின்ட் கில்கன்–சால்ஸ்பர்க் என்று 150 எண் பஸ் ஓடுகிறது. செயின்ட் கில்கன் மொசார்ட்டுடைய அம்மா பிறந்த ஊர், அதனால் அதையும் ஒரு எட்டு பார்த்த மாதிரி ஆகும். மூன்றாவது நாள் ஷாஃப்பர்க் மலைக்குப் பல்சக்கர ரயில். 1893 முதல் ஓடுகிறது, 1,783 மீட்டர் உயரச் சிகரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினால் சுற்றிலும் ஏரி ஏரியாகத் தெரியும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், வெயில் நாளில் காலை ரயில்கள் நிரம்பிவிடும். அப்படியே இன்னொன்று: தங்கும் இடத்தில் விருந்தினர் அட்டை உண்டா என்று கேளுங்கள். இந்த ஏரிப்பக்கங்களில் சுற்றுலா வரி வாங்கிக்கொண்டு பஸ், படகில் சலுகை தரும் அட்டை கொடுப்பது வழக்கம், நம் ஆட்கள் பலர் அதை வாங்காமலே திரும்புகிறார்கள்.

அடுத்தது பயணத்தின் பெரிய நாள். வோல்ஃப்காங்கிலிருந்து டொப்பியாக்கோ 260 கி.மீ. சொச்சம், நடுவில் கிராஸ்க்ளாக்னர் சாலை. 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள், 1935-இல் திறந்தது. எடல்வைஸ்ஸ்பிட்ஸே என்ற இடத்தில் 2,571 மீட்டர் வரை கார் ஏறும், அந்தக் கடைசித் துண்டு மட்டும் கல் பாவிய குறுகல் சாலை. இந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் மேடைக்குப் போனால் எதிரே 3,798 மீட்டர் உயர கிராஸ்க்ளாக்னர் சிகரமும் காலடியில் பாஸ்டெர்ஸே பனிப்பாறையும் தெரியும். தெரியும் என்று சொல்கிறேன், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அது உள்வாங்கிக்கொண்டே போகிறது, ஒரு காலத்தில் பனி நின்ற உயரத்தையும் இப்போது வெறும் பாறையாக இருக்கும் சரிவையும் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். சுங்கம் 40 யூரோவுக்கு மேல். அதிகம் என்று தோன்றும், ஆனால் அந்தப் பணத்துக்கு அன்றைக்கு முழு நாளும் அங்கேயே சுற்றலாம், வேறு எதற்கும் செலவில்லை. இந்த ஒரு நாள் மட்டும் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.

இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஆட்டோமேடிக் வண்டியிலும் கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று ஊட்டி டிரைவர்கள் சொல்வது இங்கேயும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். மகளை வளைவுகளில் போன் பார்க்க விடாதீர்கள், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு இதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் 2,500 மீட்டர் உயரம் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செப்டம்பரிலும் மேலே பனி விழலாம். அன்றைக்குச் சாலை மூடியிருந்தாலோ மேகம் அடைத்திருந்தாலோ பிடிவாதம் வேண்டாம், மிட்டர்ஸில்லிலிருந்து ஃபெல்பர்டாவர்ன் சுரங்கம் வழியாக, டொப்பியாக்கோ போகும் வழியில் இருக்கும் லீன்ஸுக்கு வந்துவிடலாம், அது ஆண்டு முழுதும் திறந்திருக்கும். மூட்டத்தில் கிராஸ்க்ளாக்னர் ஏறுவது 40 யூரோ கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்ப்பதுதான்.

டொப்பியாக்கோ இத்தாலி, ஆனால் காதில் விழுவது பெரும்பாலும் ஜெர்மன். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவாக இருந்த தெற்கு டிரோல் இது, ஊர்ப்பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கும், ஜெர்மனில் டோப்லாக். இங்கே மூன்று இரவு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வானிலை. ஒரு நாள் மழை போனாலும் இன்னொரு நாள் மிஞ்சும். அந்த மழை நாளுக்கும் வேலை இருக்கிறது: ரயில் ஏறி போல்சானோ போய் அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஓட்ஸியைப் பாருங்கள். 1991-இல் பனிப்பாறையில் கிடைத்த, 5,000 ஆண்டுக்கு மேல் பழமையான மனித உடல், அவன் உடுத்திய தோல், ஏந்திய செம்புக் கோடரி எல்லாம் அருகில் வைத்திருக்கிறார்கள். சின்னப் பெண் பயப்படுவாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெற்கு டிரோலில் தங்குபவர்களுக்கு ஹோட்டலே தரும் பயண அட்டையில் இந்த ரயிலும் பஸ்ஸும் இலவசம்.

இந்தப் பகுதியில் கவனமாக இருக்க வேண்டியது இரண்டு இடம். பிராயெஸ் ஏரி: சமீப ஆண்டுகளில் ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை பகல் நேரத்தில் முன்பதிவு இல்லாத காரை அந்தப் பள்ளத்தாக்குக்குள் விடுவதில்லை. உங்கள் தேதி சரியாக அந்த எல்லையில் விழுகிறது. டொப்பியாக்கோவிலிருந்து பஸ்ஸில் போய்விடுங்கள், அல்லது காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள், படகுத்துறைப் படத்துக்கும் அந்த நேர வெளிச்சம்தான் நல்லது. இன்னொன்று டிரே சிமே, மூன்று பாறைக்கோபுரங்கள். மிசுரினா ஏரியிலிருந்து 2,320 மீட்டரில் இருக்கும் அவுரோன்சோ விடுதி வரை சுங்கச் சாலை, 2025 முதல் அதற்கும் இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். மேலே போனபின் லாவரேதோ விடுதி வரை அகலமான, ஏறக்குறைய சமதளப் பாதை. அதுவரை அப்பா அம்மாவும் நடப்பார்கள். முழுச் சுற்று 10 கி.மீ., அது உங்கள் இருவருக்கு மட்டும்.

கார்டாவுக்குப் போகும் நாளில் பலரும் கோர்டினா, ஃபல்சாரேகோ, போர்டோய் கணவாய்கள் வழியாகப் போகச் சொல்வார்கள். 1909-இல் முடித்த அந்தப் பழைய டோலமைட்ஸ் சாலை அற்புதமானது, மறுக்கவில்லை. நீங்கள் இருவர் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். பின் இருக்கையில் பெரியவர்களும் குழந்தையும் இருக்கும்போது, ஏற்கனவே கிராஸ்க்ளாக்னர் பார்த்தாகிவிட்டது, இன்னும் சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் கணவாய் வரப்போகிறது. அதனால் பிரிக்ஸன் வந்து ஏ 22 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, ரோவெரெத்தோவில் வெளியேறி டோர்போலேயில் ஏரியைத் தொடுங்கள். மலைச்சரிவு முடிந்து ஒரு வளைவில் திடீரென்று கீழே கார்டா முழுவதும் விரியும் அந்த இறக்கமே போதும். அங்கிருந்து கிழக்குக் கரையோடு மால்செசினே. அங்கே மோன்டே பால்டோ மலைக்குக் கேபிள் காரில் ஏறலாம், மேல்பாதியில் பெட்டி மெதுவாகத் தன்னையே சுற்றிக்கொண்டு போகும். கரையில் இருக்கும் கோட்டையை 1786-இல் ஜெர்மன் கவிஞர் கேத்தே வரைந்துகொண்டிருந்தபோது உளவாளி என்று ஊர்க்காரர்கள் மடக்கிவிட்டார்கள், இப்போது அந்தக் கோட்டைக்குள் அவருக்கே ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.

தங்குவது தென்கரையில், பெஸ்கியேராவில். அழகு வடக்கில்தான், ஆனால் ரயில் நிலையம் தெற்கில். பெஸ்கியேராவிலிருந்து வெரோனா கால் மணி நேரம். வெனிஸும் இதே ரயில் பாதையில்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் மூன்று மணி நேரம் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வருவதற்கு வெரோனாவில் நிதானமாக ஒரு நாள் மேல் என்பது என் கட்சி. முதலாம் நூற்றாண்டு ரோமானிய அரங்கம் இன்னும் நாடகம் நடக்கும் நிலையில் நிற்கிறது. வெனிஸை விட மனசு வராவிட்டால் அதற்குத் தனியாக இன்னொரு பயணம் வாருங்கள்.

இத்தாலிய நகரங்களுக்குள் காரில் போகவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இசட்.டி.எல். குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பகுதி. வாசலில் கேமரா இருக்கும், போலீஸ் யாரும் நிறுத்த மாட்டார்கள், நீங்களும் ஜாலியாக உள்ளே போய் வெளியே வந்துவிடுவீர்கள். மாதக்கணக்கில் கழித்து அபராதச் சீட்டு வரும், அதற்கு முன்பே வாடகைக் கம்பெனி உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தன் கட்டணத்தை கார்டில் எடுத்திருக்கும். ஒரே தெருவை இரண்டு தடவை சுற்றினால் இரண்டு அபராதம். பார்க்கிங்கில் நீலக் கோடு என்றால் காசு, வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை. சுவிட்சர்லாந்தில் இது மாறிவிடும்: அங்கே வெள்ளைக்குத்தான் பெரும்பாலும் காசு, நீலத்துக்கு நேரம் காட்டும் அட்டை வைக்க வேண்டும்.

பெஸ்கியேராவிலிருந்து ஏ 4-இல் பெர்கமோ, அப்புறம் லெக்கோ, அங்கிருந்து ஏரியின் கிழக்குக் கரையில் வரென்னா. மிலானை நெருங்கவே தேவையில்லை. கோமோ ஏரி தலைகீழ் ஒய் வடிவம், மூன்று கைகளும் சேரும் இடத்தில் வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ மூன்றும் எதிரெதிரே இருக்கின்றன, நடுவில் ஃபெர்ரி ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் பெல்லாஜியோவில் தங்குகிறார்கள். அங்கே போகும் சாலை குறுகல், தெருக்கள் படிக்கட்டுகள், ரயில் கிடையாது. வரென்னாவில் ரயில் நிலையம் உண்டு, மிலான் ஒரு மணி நேரத்தில். மேற்குக் கரைச் சாலையைப் பற்றிக் கேட்டீர்களே, எதிரே பஸ் வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டிய இடங்கள் அதில் உண்டு, அங்கே நீங்கள் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. படகில் போய் வில்லா கார்லோட்டா தோட்டம் பாருங்கள். வரென்னாவிலேயே வில்லா மொனாஸ்தெரோ இருக்கிறது, தண்ணீரை ஒட்டியே நீளும் தோட்டம், 1954-இல் என்ரிகோ ஃபெர்மி இங்கே இயற்பியல் வகுப்பு எடுத்திருக்கிறார். வரென்னாவில் அறை எடுக்கும்போது பார்க்கிங் எங்கே என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள், இந்த ஊரின் ஒரே தலைவலி அதுதான். லிப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பெரியவர்களுக்காக.

சுவிட்சர்லாந்துக்குப் போகும் நாளை நான் மிகவும் ரசித்துச் சொல்வேன். காலையில் காரோடு ஃபெர்ரி ஏறி மெனாஜியோ, கால் மணி நேரம். மலை தாண்டினால் போர்லெட்சா, அங்கிருந்து லுகானோ ஏரிக் கரையோடு எல்லை. பிறகு ஏ 2 நெடுஞ்சாலையில் வடக்கே, ஐரோலோ வரை. அங்கே கோட்ஹார்ட் சுரங்கத்தின் வாசல், 1980-இல் திறந்தது, கிட்டத்தட்ட 17 கி.மீ., வார இறுதியில் வாசலில் கி.மீ. கணக்கில் வரிசை நிற்கும். நீங்கள் சுரங்கத்துக்குள் போகாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் மேலே கணவாய்ச் சாலை, 2,106 மீட்டர். அதிலும் நல்ல அகலமான புதுச் சாலை ஒன்று, கல் பாவிய பழைய டிரெமோலா சாலை ஒன்று. டிரெமோலாவில் 24 வளைவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம், நீங்கள் தெற்கிலிருந்து வருவதால் உங்களுக்கு ஏற்றம். அப்புறம் ஆண்டர்மாட், ஷோலெனன் பள்ளத்தாக்கில் பிசாசுப் பாலம், ஃபுளூலனில் லூசெர்ன் ஏரியின் தென்முனை, அங்கிருந்து பாறையைக் குடைந்த ஆக்ஸன் சாலை. ஒரே நாளில் இத்தாலியப் பனைமரத்திலிருந்து கணவாய் உச்சியின் வெறும் பாறைக்கு ஏறி, மறுபக்கம் பசும்புல்லுக்கு இறங்குவீர்கள்.

மலைச்சாலையில் மஞ்சள் கொம்பு வரைந்த நீலப் பலகை பார்த்தால் அது போஸ்ட் பஸ் ஓடும் சாலை. அந்த மஞ்சள் பஸ்ஸுக்குத்தான் முதல் உரிமை, அதன் டிரைவர் பின்னால் போ என்றால் போக வேண்டியதுதான். சுவிஸ் வேகக் கேமராக்கள் மணிக்கு சில கி.மீ. கூடினாலும் விடாது, கேமராவைக் காட்டிக்கொடுக்கும் செயலிகளை வைத்திருப்பதே அங்கே குற்றம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

லூசெர்ன் ஏரியில் வெக்கிஸ் அல்லது விட்ஸ்நாவ். இரண்டும் கரையோர ஊர்கள், லூசெர்னுக்குப் படகு உண்டு, வெக்கிஸிலிருந்து முக்கால் மணி நேரம். பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன, கால அட்டவணையில் அதற்கென்று குறி போட்டிருப்பார்கள், பார்த்து ஏறுங்கள். மகளை நடுவில் திறந்திருக்கும் இன்ஜின் அறையைப் பார்க்க வைத்தால் அரை மணி நேரம் நகரமாட்டாள். விட்ஸ்நாவிலிருந்து ரீகி மலைக்கு ஏறும் ரயில் 1871-இல் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். ரயிலிலேயே ஏறும் பனிமுகடான யூங்ஃப்ராவ்யோக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3,454 மீட்டர், ஆளுக்கு முழுக் கட்டணம் 200 பிராங்க்குக்கு மேல், இங்கிருந்து போய்வர முழு நாளும் போகும், பெரியவர்களுக்கு அந்த உயரம் நல்லதுமல்ல. அந்தப் பணத்தில் ரீகியும் கப்பலும் இன்னும் இரண்டு நாள் சாப்பாடும் முடியும். அதற்குப் பதில் ஒரு நாள் ப்ரூனிக் கணவாய் வழியாக பிரியன்ஸ் ஏரி, இன்டர்லாக்கன், லாட்டர்புருன்னன் என்று காரிலேயே போய்வாருங்கள். லாட்டர்புருன்னனில் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாவ்பாக் அருவி தெருவிலிருந்தே தெரியும். பிரியன்ஸ் ஏரியில் இசெல்ட்வால்ட் என்ற குட்டி ஊரின் படகுத்துறை ஒரு கொரியத் தொடரில் வந்தபின் கூட்டம் தாங்காமல் அதில் ஏறி நிற்கவே காசு வாங்கத் தொடங்கிவிட்டார்கள், பக்கத்துக் கரையில் நின்றால் அதே ஏரி இலவசம். ரயில், கப்பல், மலை ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு அரைக்கட்டண அட்டை கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு லிண்டாவ். வழியில் செயின்ட் காலன் மடாலய நூலகம். லிண்டாவ் தீவுக்குள் காரோடு போகாமல் கரையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள், துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், ஒரு பக்கம் பவேரியச் சிங்கம். மறுநாள் விமான நிலையம் 215 கி.மீ. பக்கம், விமானம் மாலைக்கு மேல் இருந்தால்தான் இது சரி. தேதி செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிப்போனால் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கிவிடும், மியூனிக்கில் அறை விலை கண்ணைக் கட்டும், அப்போதும் லிண்டாவ் உங்களைக் காப்பாற்றும்.

சுங்கம்: ஜெர்மனியில் காருக்கு இல்லை. ஆஸ்திரியாவுக்கு 10 நாள் வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) போதும், எல்லைக்கு முன் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும். கடைசி நாளில் பிரெகென்ஸ் பக்கம் ஆஸ்திரியாவை மறுபடி தொடுவீர்களே, அதற்குள் அது காலாவதியாகியிருக்குமே என்று கவலை வேண்டாம், ஹோஹெனெம்ஸிலிருந்து ஜெர்மன் எல்லை வரைக்குமான ஏ 14 துண்டுக்கு 2019 டிசம்பர் முதல் வின்யெட் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரே வகைதான், ஆண்டுக்கு 40 பிராங்க், ஒரு நாள் போனாலும் அதே. 2023 முதல் இணையத்தில் வண்டி எண்ணுக்கு வாங்கலாம். இத்தாலியில் சீட்டு எடுத்து ஓடிய தூரத்துக்குக் கட்ட வேண்டும். எரிபொருள் இந்த நான்கு நாடுகளில் பெரும்பாலும் ஆஸ்திரியாவில்தான் மலிவு, லீன்ஸில் டேங்கை நிரப்பிவிட்டு இத்தாலிக்குள் போங்கள், நெடுஞ்சாலை பங்க்கில் போடவே போடாதீர்கள்.

சைவச் சாப்பாடு பெரிய கவலையில்லை. கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் கலந்த நூடுல்ஸ்), கீரை க்னோடல் (ரொட்டி உருண்டை), ரோஸ்டி (உருளைக்கிழங்கு அடை), பொலென்டா (சோளமாவுக் களி) என்று எல்லா இடத்திலும் ஏதாவது இருக்கும், குழந்தைக்குக் கைசர்ஷ்மார்ன் என்ற இனிப்பு பான்கேக் ஒன்று போதும். ஆனால் சூப்பில் மாட்டுக்கறி சாறு இருக்கும், க்னோடலில் பன்றிக்கறித் துணுக்கு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அம்மா அப்பாவுக்கு ஐந்தாம் நாள் சோறு தேடும், அதனால் வோல்ஃப்காங், டொப்பியாக்கோ, லூசெர்ன் மூன்றிலும் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிறு கடை கிடையாது, தயிரும் காய்கறியும் சனி மாலைக்குள் வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக விசா. மியூனிக்கில் இறங்குவதால் ஜெர்மன் தூதரகத்துக்கு மனுப் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) முதலில் இறங்கும் நாடு முக்கியமல்ல, அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் மனு. இந்தத் திட்டத்தில் ஜெர்மனி 2 இரவு, ஆஸ்திரியா 3, சுவிட்சர்லாந்து 3, இத்தாலி 7. ஆக இத்தாலிக்குத்தான் போட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு வாங்குவார்கள், கோடையில் நேரம் கிடைக்காது, மார்ச், ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு முன் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், வரென்னாவை முதலில்.